உடைந்த அணையும் இரட்டை வட்டும்



நான் குடியிருக்கும் ஊருக்கு அம்பாங் பெச்சா என்று பெயர். மலாய் மொழியில் அம்பாங் என்பது அணை. பெச்சா என்பது உடைதல். உடைந்த அணையே ஊரின் பெயராக நிலைத்துவிட்டது. 1883ஆம் ஆண்டு இங்கிருந்த பழைய அணை உடைந்து பாய்ந்த வெள்ளம், அன்றைய கோலகுபு பட்டணத்தைச் சூறையாடியது. அப்பகுதியின் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த செசில் ரெங்கிங் என்பவரும் அவ்வெள்ளத்தில் மாண்டார். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதனால்தான் அணை உடைந்தது என்றொரு கதை இங்கு வழங்குகிறது. என் மாணவர்கள் வரலாற்றைக் காட்டிலும் அந்த முதலையையே விரும்பிக் கேட்பார்கள். அதன் பின்னரும் ஆறு ஓயவில்லை. ஈயச் சுரங்கங்களின் மண் ஆற்றில் படிந்து மேடாகியதால் வெள்ளம் மீண்டும் மீண்டும் வந்தது. 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளமும் வந்து போன பிறகு, பட்டணத்தையே மேட்டு நிலத்துக்கு மாற்றினார்கள். அதுவே இன்றைய கோலகுபு பாரு.

ஒரே அணையை நம்பியிருந்த ஊர் என்ன ஆனது என்பதை எங்கள் ஊர்ப்பலகை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆயினும் நம்மில் பலர் இருபது ஆண்டுகாலப் பாடக் குறிப்புகளையும் பள்ளி விழாப் படங்களையும் பிள்ளைகளின் மழலைக் குரலையும் ஒரே ஒரு வன்தட்டில் வைத்துவிட்டு நிம்மதியாக உறங்குகிறோம். வீட்டில் கிடக்கும் பழைய கணினியைக் கொண்டு அந்த நிலையை எவ்வாறு மாற்றலாம் என்பதை என் பட்டறிவிலிருந்து இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

மூத்த ஆசிரியரின் வன்தட்டு

எங்கள் வட்டாரத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் அனைவரும் அவரை ‘ஐயா’ என்றே அழைப்போம். 1990களில் தோட்டம் தோட்டமாகச் சென்று, வயது முதிர்ந்த பாட்டிமார்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் வெளிக்காட்டில் பால்மரம் வெட்டும்போது பாடிய பாட்டுகளையும் ஒலிநாடாவில் பதிவு செய்தவர் அவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்த காலம் அது. அப்பாட்டிமார்களில் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை.

ஒலிநாடாக்களில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதும், ஐயா பெருமுயற்சி எடுத்து எல்லாவற்றையும் கணினிக் கோப்புகளாக மாற்றினார். அறுபதுக்கும் மேற்பட்ட பதிவுகள். அவற்றை ஒரு வெளிவன்தட்டில் சேர்த்து, துணியில் சுற்றி, அலமாரியில் வைத்துப் போற்றினார். நாடாக்கள் மக்கிப்போனதால் அவற்றை வீட்டார் அப்புறப்படுத்தினர். சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு நாள் வன்தட்டைக் கணினியில் செருகியபோது ‘டிக், டிக்’ என்ற ஒலி மட்டுமே வந்தது. கோலாலம்பூரில் தரவு மீட்கும் கடை ஒன்றுக்குக் கொண்டு சென்றோம். வட்டின் மேற்பரப்பே உரசிப்போயிற்று என்றும், ஆயிரக்கணக்கில் செலவு செய்தாலும் உறுதி கூற இயலாது என்றும் கூறிவிட்டார்கள்.

அதன் பின்னர் நாங்கள் செய்தது ஒன்றுதான். ஐயா முன்பு யார் யாருக்கு எந்தப் பதிவைக் கொடுத்தார் என்று நினைவுபடுத்தி, ஒவ்வொருவராகத் தேடிச் சென்றோம். ஒரு தாலாட்டு, நன்னெறிப் பாடத்துக்காக நான் படியெடுத்து வைத்திருந்த குறுவட்டில் இருந்தது. இரண்டு ஒப்பாரிகள் ஒரு முன்னாள் மாணவரின் விரலியில் கிடைத்தன. இப்படியாகப் பதினொரு பதிவுகள் திரும்பி வந்தன. எஞ்சியவை எங்கும் இல்லை.

பிறர்க்குக் கொடுத்தவை பிழைத்தன. பத்திரமாகப் பூட்டி வைத்தவை அழிந்தன. இந்த ஒரு செய்தியே என்னைச் செயலில் இறக்கியது.

ஏடுகள் எப்படிப் பிழைத்தன?

எண்ணிப் பார்த்தால் நம் இலக்கியச் செல்வங்களும் இவ்வழியில்தான் நம்மை வந்தடைந்தன. பனையோலையின் ஆயுள் குறைவு. கரையானும் ஈரமும் அதன் பகைவர்கள். ஆயினும் ஒரே நூலின் படிகள் ஒரு மடத்திலும், ஒரு கவிராயர் வீட்டுப் பரணிலும், வேறோர் ஊர்ப் பெரியவரின் பெட்டியிலுமாகச் சிதறிக் கிடந்தன. தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக நடந்து அவற்றைத் திரட்டினார். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அவர் அச்சேற்ற முடிந்ததற்கு அது ஒரு காரணம். ஓர் ஏட்டில் சிதைந்த வரி மற்றோர் ஏட்டில் முழுமையாக இருந்தது. ஓர் எழுதுவோன் செய்த பிழையை இன்னோர் ஊரின் படி காட்டிக்கொடுத்தது.

இதற்கு மறுதலையான துயரத்தையும் நாம் அறிவோம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதவை அத்தோடு மறைந்தே போயின. பின்னர் 2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் மின்னூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி எவரும் படியெடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்து வருகிறது. ஒரு கட்டடத்தில் இருந்தது இன்று பல நாட்டுக் கணினிகளில் இருக்கிறது.

ஆகவே, ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் வேண்டும். அவை ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கவேண்டும். ஒருவருக்கு மேற்பட்டோர் கையில் இருக்கவேண்டும். வீட்டுக் கணினியில் நான் செய்த அனைத்தும் இம்மூன்றின் விரிவே.

பழைய கணினிக்குப் புதிய பணி

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு, வீட்டிலிருந்து கற்றல் கற்பித்தலுக்காகப் பல குடும்பங்கள் கணினி வாங்கின. பிள்ளைகள் மடிக்கணினிக்கு மாறியதும் எங்கள் வீட்டு மேசைக்கணினி மூலையில் கிடந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. கோப்புகளைக் காத்து வழங்கும் பணிக்கு வேகமான கணினி தேவையில்லை. 4 கிகாபைட்டு நினைவகமும், இரண்டு வன்தட்டுகளைப் பொருத்த இடமும், கம்பி வழி இணையும் வசதியும் இருந்தால் வேலை நடக்கும்.

புதிதாக வாங்கியவை இரண்டு 4 டெராபைட்டு வன்தட்டுகள் மட்டுமே. இரண்டும் சேர்த்து ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலைக்குள் முடிந்தன. இரண்டையும் வெவ்வேறு நிறுவனத் தயாரிப்பாகத் தேர்ந்தெடுத்தேன். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் பிறந்த வட்டுகள், அடுத்தடுத்துப் பழுதாகும் வாய்ப்பு உண்டு. பெட்டியில் 4 டெராபைட்டு என்று அச்சிட்டிருந்தாலும் விண்டோஸ் 3.6 என்றுதான் காட்டும். விற்றவர் ஏமாற்றிவிட்டதாக எண்ணவேண்டாம்; தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்கிக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1,024ஆல் கணக்கிடுகிறது. கைப்பேசிப் படம் ஒன்று 4 மெகாபைட்டு என்று கொண்டால், இதில் ஏறக்குறையப் பத்து இலட்சம் படங்கள் அடங்கும்.

மென்பொருளுக்குச் செலவே இல்லை. ‘ஓப்பன்மீடியாவால்ட்’ என்பது 2011இல் வெளிவந்த கட்டற்ற மென்பொருள்; டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது. அதை ஒரு சிறிய பழைய வட்டில் நிறுவிவிட்டு, புதிய வட்டுகள் இரண்டையும் கோப்புகளுக்கென்றே ஒதுக்கினோம். நிறுவிய பிறகு அக்கணினிக்குத் திரையும் தட்டச்சுப் பலகையும் தேவைப்படுவதில்லை. வேறொரு கணினியின் உலாவியிலிருந்தே அதை ஆளலாம். நான்காம் படிவம் பயிலும் என் மூத்த மகன் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் இவ்வேலையை முடித்தான். நான் உடனிருந்து ஒவ்வொரு படியையும் குறிப்பேட்டில் எழுதினேன். கணினி அறிந்த ஒருவர் வீட்டில் இல்லாத நாளிலும் அது இயங்கவேண்டுமல்லவா?

செய்யும்போது மனத்தில் கொள்ளவேண்டிய சில:

1. கணினியைத் திசைவியோடு கம்பியால் இணையுங்கள். கிகாபிட்டு இணைப்பில் விநாடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட்டு செல்லும். ஒரு டெராபைட்டை இரண்டரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். பழைய 100 மெகாபிட்டு இணைப்பில் அதே வேலைக்கு ஒரு பகலும் ஓர் இரவும் பிடிக்கும்.

2. மின்செலவைக் கணக்கிடுங்கள். 50 வாட் இழுக்கும் கணினி இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு 36 யூனிட். எங்கள் வீட்டில் மாலை 5 முதல் இரவு 11 வரை மட்டுமே ஓடுகிறது. மாதத்துக்கு 9 யூனிட்தான்.

3. இடி மின்னலை அலட்சியப்படுத்தாதீர்கள். மாலை நேர இடிமழை நம் நாட்டின் இயல்பு. யூ.பி.எஸ். ஒன்று கட்டாயம் வேண்டும். மின்கம்பியை மட்டும் பிடுங்கிவிட்டால் போதாது. தொலைபேசிக் கம்பி வழியாக மோடத்துக்குள் பாயும் மின்னல், அங்கிருந்து கணினிக்கும் வரக்கூடும்.

4. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் பெயர் கொடுங்கள். பொது அறை ஒன்று, பள்ளி அறை ஒன்று, ஆளுக்கொரு தனியறை என்று கோப்புறைகளைப் பிரித்தோம். இளைய மகள் குடும்பப் படங்களைப் பார்க்கலாம், அழிக்க முடியாது. 

இரட்டை வட்டு எதைக் காக்கும், எதைக் காக்காது?

இரண்டு வட்டுகளும் ஒன்றையொன்று கண்ணாடிபோல் பிரதிபலிக்குமாறு அமைத்தோம். ஒரு கோப்பைச் சேமித்தால் அது அதே கணத்தில் இரண்டிலும் எழுதப்படும். ஒரு வட்டு செத்துப்போனாலும் மற்றது தொடர்ந்து பணிசெய்யும். செத்ததைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினால் அது மீண்டும் நிரம்பிக்கொள்ளும். ‘ரெய்டு’ என்று வழங்கும் இம்முறைகளுக்குப் பெயர் சூட்டி வகைப்படுத்தியவர்கள், 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்சு ஆகிய மூவர். விலையுயர்ந்த ஒரு பெரிய வட்டை நம்புவதைவிட மலிவான பல வட்டுகளைச் சேர்த்து நம்பலாம் என்பது அவர்கள் காட்டிய வழி.

எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர் இதைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார். “டீச்சர், இரண்டு வட்டு இருக்கிறதே, இனி எந்தப் பயமும் இல்லைதானே?” என்று கேட்டார். நான் மகனைப் பார்த்தேன். அவன் ‘சோதனை’ என்று ஒரு கோப்புறையை உண்டாக்கி, அதில் சில படங்களைப் போட்டு, பின்னர் அதை அழித்தான். “ஆன்ட்டி, இப்போது எந்த வட்டில் அது இருக்கிறது என்று சொல்லுங்கள்,” என்றான். ஆசிரியைக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடி நல்லதை மட்டுமன்றி அல்லதையும் அதே விரைவில் பிரதிபலிக்கும்.

ஆகையால் இரட்டை வட்டு, வட்டின் பழுதிலிருந்து மட்டுமே காக்கும். தவறி அழித்தல், பழைய கோப்பின் மேல் புதியதை எழுதிவிடுதல், மின்னல், திருட்டு, தீ, வெள்ளம் ஆகிய எதிலிருந்தும் காக்காது. 2021 டிசம்பரில் சிலாங்கூரைத் தாக்கிய வெள்ளத்தில், ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கூரைவரை நீர் ஏறியதை நாடே கண்டது. ஒரே பெட்டிக்குள் இரண்டு வட்டுகள் இருந்தால் இரண்டும் சேர்ந்தே மூழ்கும்.

நச்சுநிரல்களும் அவ்வாறே. 2017 மே மாதம் ‘வானாகிரை’ என்னும் பிணைப்பண நச்சுநிரல், ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகவே அது பரவியது. பகிர்வதற்காகத் திறந்த கதவு, பாதுகாக்கப்படாவிட்டால் எவர்க்கும் கதவுதான். எனவே எங்கள் கணினியில் அப்பழைய முறையை அடைத்துவிட்டோம். மென்பொருளை மாதந்தோறும் புதுப்பிக்கிறோம். வெளி இணையத்திலிருந்து எவரும் உள்ளே வரும் வழியைத் திறக்கவேயில்லை. 2022 தொடக்கத்தில் ‘டெட்போல்ட்’ என்னும் நச்சுநிரலுக்கு இரையானவை, இணையத்துக்கு நேரே திறந்து வைக்கப்பட்டிருந்த வீட்டுச் சேமிப்புக் கருவிகளே.

இன்னொரு நுட்பமும் உண்டு. வட்டில் கிடக்கும் கோப்பு, எவரும் தொடாமலே அரிதாகச் சிதையக்கூடும். இரண்டு படிகளும் வேறுபட்டால், எது சரி என்று சாதாரண இரட்டை வட்டுக்குத் தெரியாது. ஈரேடுகள் முரண்படும்போது உ.வே.சா. மூன்றாவது ஏட்டைத் தேடியதுபோல், கணினிக்கும் ஒரு சான்று தேவை. ‘பி.டி.ஆர்.எஃப்.எஸ்.’, ‘இசட்.எஃப்.எஸ்.’ ஆகிய கோப்பு முறைமைகள் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு உடன் வைத்துக்கொள்கின்றன. அவ்வெண்ணோடு பொருந்தும் படியே சரியான படி. அதைக் கொண்டு சிதைந்த படியைத் தாமே திருத்திக்கொள்கின்றன. நாங்கள் அம்முறைமைகளில் ஒன்றையே பயன்படுத்துகிறோம். மாதம் ஒருமுறை முழுச் சரிபார்ப்பும் ஓடுகிறது.

மூன்றாவது படி தங்கை வீட்டில்

மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வெளியிடத்தில் என்பது பீட்டர் குரோக் என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர் பரப்பிய எளிய விதி. ஆசிரியர்களாகிய நமக்கு இதைக் கடைப்பிடிக்க இயற்கையான கால அட்டவணை ஒன்று உண்டு. அதுதான் பள்ளி விடுமுறை.

எங்களிடம் இரண்டு வெளிவன்தட்டுகள் உள்ளன. ஒன்று எப்பொழுதும் கோல சிலாங்கூரில் என் தங்கை வீட்டில் இருக்கும். விடுமுறைதோறும் அங்கு செல்லும்போது, புதிதாகப் படியெடுத்த வட்டைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருவோம். ‘ஆர்சிங்க்’ என்னும் கட்டற்ற நிரல், சென்ற முறைக்குப் பின் மாறியவற்றை மட்டும் படியெடுப்பதால் வேலை விரைவில் முடிகிறது. வட்டு மறையாக்கம் செய்யப்பட்டது. வழியில் தொலைந்தாலும் பிறர் திறக்க இயலாது. எங்கள் ஊரை ஒட்டி ஓடும் சிலாங்கூர் ஆறுதான் தங்கையின் ஊரில் கடலோடு கலக்கிறது. ஆறு ஒன்றாயினும் இரு வீடுகளையும் ஒரே நாளில் ஒரே இடர் தாக்குவது அரிது.

வீட்டுக் கணினியின் அருமையை உணர்த்தும் உண்மை நிகழ்ச்சி ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1998ஆம் ஆண்டு பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ திரைப்படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, எவரோ இட்ட ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் பெரும்பாலும் அழியத் தொடங்கின. காப்புப் படியை எடுக்கச் சென்றபோதுதான் அது சில காலமாகவே சரியாக இயங்கவில்லை என்று தெரிந்தது. கேலின் சூஸ்மன் என்னும் தொழில்நுட்ப இயக்குநர், கைக்குழந்தையுடன் இருந்ததால் வீட்டிலிருந்தே பணிசெய்து வந்தார். அவருடைய வீட்டுக் கணினியில் படத்தின் படி ஒன்று இருந்தது. அக்கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள், படம் மீண்டது. 

அந்நிறுவனத்துக்குக் காப்புப் படி இல்லாமல் இல்லை. அதை எவரும் திறந்து பார்த்திருக்கவில்லை என்பதே குறை. பள்ளியில் தீ ஒத்திகை நடத்துகிறோம் அல்லவா? மணி அடிக்கிறதா, மாணவர்கள் திடலில் சரியாக வரிசை பிடிக்கிறார்களா என்று பார்க்கிறோம். அதுபோல விடுமுறைதோறும் தங்கை வீட்டிலிருந்து வரும் வட்டில் ஐந்து கோப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்துத் திறந்து பார்ப்பது எங்கள் வழக்கம். அதில் ஒன்று ஒலிப்பதிவாக இருக்கவேண்டும் என்பது என் விதி. அப்பொழுது அந்தத் தாலாட்டு வீட்டில் ஒருமுறை ஒலிக்கும்.

தமிழ்க் கோப்புகளுக்கு உள்ள இரண்டு சிக்கல்கள்

கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க முடியாமற்போவது தமிழாசிரியர்களுக்கு வாய்த்த துன்பம். 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் நாம் தட்டச்சு செய்தவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் எழுத்துருவைச் சார்ந்தவை. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கிய முரசு, கணினித் தமிழுக்கு இந்நாடு தந்த பெருங்கொடை. அதன் பழைய எழுத்துருக்களில் நம் பள்ளிகளின் எத்தனையோ ஆண்டு மலர்கள் உருவாயின. பாமினி முதலிய வேறு எழுத்துருக்களும் புழங்கின. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், பொருளற்ற ஆங்கிலக் குறிகளே தெரியும். ஆகவே சேமிப்பில் ஏற்றும் முன், பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மூலக் கோப்பையும் உடன் வையுங்கள், முடிந்தால் பி.டி.எஃப். படி ஒன்றும் சேருங்கள். 

இரண்டாவது, கோப்பின் பெயர். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மிகக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று வேண்டும். ‘கோ’ என்னும் ஓரெழுத்தில் ககர மெய்யுருவும் ஓகாரக் குறியும் இருப்பதால் ஆறு பைட்டு செலவாகிறது. கணக்கிட்டால் 85 குறியீடுகள், அதாவது ஏறத்தாழ 50 தமிழ் எழுத்துகள்தாம் ஒரு பெயருக்குக் கிடைக்கும். விண்டோஸில் நன்றாக இருந்த ‘பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுப் பொதுக்கூட்டம்...’ எனத் தொடங்கும் நீண்ட பெயர்கள், சேமிப்புக் கணினிக்கு ஏற மறுப்பது இதனால்தான். தமிழில் பெயரிடுவதைக் கைவிட வேண்டாம், சுருக்கமாக இடுங்கள். ‘2024-பொங்கல்-ஆண்டு4’ என ஆண்டை முதலில் வைத்தால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

மேகத்தில் வைத்தால் போதாதா?

மேகச் சேமிப்பு பயனுடையதே, நானும் பயன்படுத்துகிறேன். ஆயினும் அதுவும் ஓர் அணைதான். 2000களில் பல தமிழ்ப் பக்கங்களுக்கு இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. 2019இல் நம் கல்வியமைச்சு ஃபுரோக் கற்றல் தளத்தை விடுத்துக் கூகுள் வகுப்பறைக்கு மாறியது. கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாமல் இடம் தந்த கூகுளும் 2022 முதல் நிறுவனத்துக்கு 100 டெராபைட்டு என்று வரம்பிட்டது. இவை எதையும் குறையாகச் சொல்லவில்லை. நிறுவனம் தரும் கணக்கு நிறுவனத்துக்குரியது; காலம் மாறும்போது விதியும் மாறும். மேகத்தில் ஒரு படி இருக்கட்டும். ஒரே படி அங்கிருக்க வேண்டாம்.

பெற்றோர்களுக்குத் தனியாக ஒரு சொல். பிறப்புப் பத்திரம், திருமணச் சான்றிதழ், தாத்தா பாட்டியின் பழைய அடையாள அட்டை ஆகியவற்றை வருடிப் படமாக்கி இச்சேமிப்பில் வையுங்கள். படம் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது என்பது உண்மை. ஆயினும் பத்திரம் தொலைந்தால் அதன் எண்ணும் பதிவு விவரமும் கையில் இருப்பது பேருதவி. தாள் இல்லாமல் அலைந்த தோட்டத்துத் தலைமுறையின் துன்பத்தை நாம் அறிவோம். ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். மாணவர்களின் படங்களைப் பெற்றோர் ஒப்புதலோடு மட்டும் வையுங்கள். அவர்களுடைய அடையாள அட்டை எண், வீட்டு முகவரி முதலியவற்றை வீட்டுக் கணினியில் சேர்க்கவேண்டா.

இறுதியாக, கடவுச்சொல். எங்கள் சேமிப்பின் கடவுச்சொல்லும் நான் எழுதிய குறிப்பேட்டின் படியும் மூடிய உறையில் என் கணவரிடமும் தங்கையிடமும் உள்ளன. ஒருவரே திறக்கக்கூடிய பெட்டகம் அவரோடு மறையும்.

இந்த விடுமுறையில் ஒரு வேலை

எல்லாரும் உடனே கணினியைப் பிரித்து வட்டுகளைப் பொருத்தவேண்டும் என்று நான் கூறவில்லை. சிறிதாகத் தொடங்கலாம். உங்களிடம் மட்டுமே இருப்பது எது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். மூடப்பட்ட தோட்டப் பள்ளியின் வகுப்புப் படமாக இருக்கலாம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியரின் உரையாக இருக்கலாம். பாட்டி பாடிய பாட்டாக இருக்கலாம். கடையில் வாங்கக்கூடியதையும் இணையத்தில் கிடைப்பதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்களிடம் மட்டும் உள்ளதை இந்த விடுமுறையில் படியெடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒருவர் கையில் கொடுங்கள். அவரிடமிருந்தும் ஒன்றை வாங்கி வாருங்கள்.

ஐயாவின் பதினொரு பதிவுகளும் இப்பொழுது எங்கள் வீட்டு இரட்டை வட்டிலும், தங்கை வீட்டிலும், எங்கள் வட்டாரத்து ஆசிரியர்கள் எழுவரின் கணினிகளிலும் உள்ளன. சென்ற மாதம் அவரைக் காணச் சென்றிருந்தேன். புதிய பதிவுக்கருவி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். பாட்டிமார்கள் இல்லை, ஆனால் அவர்கள் பாடக் கேட்டு வளர்ந்த பெண்கள் இன்று எழுபது வயதில் இருக்கிறார்கள் என்றார். தாமானில் இருவரிடம் பேசியும்விட்டாராம். “இம்முறை பதிவு செய்த அன்றே உங்களுக்கு ஒரு படி வந்துவிடும், டீச்சர்,” என்றார்.